விசாரணைக்கு முன்பே வாபஸ் ஆகும் திவால் மனு: வழக்குச் செலவைக் கேட்கலாமா?

கேள்வி:

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் அவர்களுக்கு, கருங்கல் பக்கத்தில் நானும் என் தம்பியும் இயக்குநர்களாக இருந்து, பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஒன்றின் பேரில் அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) நடத்தி வருகிறோம். தூத்துக்குடியிலுள்ள ஓர் இறக்குமதி வியாபாரியிடம் இரண்டு முறை முந்திரிக் கொட்டை வாங்கினோம். முதல் சரக்கு 31 லட்சம், இரண்டாவது 55 லட்சம். இரண்டாவது சரக்குக்கு 48 பவுண்டு அவுட்டர்ன் (ஒரு மூட்டைக் கொட்டையில் கிடைக்கும் பருப்பு) என்று பேசியிருந்தும், இங்கே கொட்டையை வெட்டிப் பார்க்கும் கட்டிங் டெஸ்ட் செய்தபோது 43-தான் வந்தது. அன்றைக்கே போட்டோவுடன் மெயில் அனுப்பினோம். நான்கு மாதம் கழித்து அவர் திவால் சட்டத்தின் கீழ் நோட்டீஸ் அனுப்பினார். எட்டாவது நாளில் பதில் கொடுத்தோம். அதன் பிறகும், வட்டியைச் சேர்த்து 1 கோடியே 6 லட்சம் பாக்கி என்று சென்னைத் தீர்ப்பாயத்தில் மனு போட்டுவிட்டார். மனு வந்த பிறகு, முதல் சரக்குக்கான 31 லட்சத்தைக் கொடுத்துவிட்டோம். மனு இன்னும் அனுமதிக்கப்படவில்லை. இப்போது அவருடைய வக்கீல், மனுவை வாபஸ் வாங்குகிறோம், அவரவர் செலவை அவரவர் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். எங்களுக்கு இதுவரை 3 லட்சத்து 40 ஆயிரம் செலவாகியிருக்கிறது. நாங்கள் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டோம் என்று ஊரில் பேச்சு வேறு. முழு விசாரணை நடக்காமலேயே எங்கள் செலவைக் கேட்டு வாங்க முடியுமா? பொய் மனு போட்டதற்கு அபராதம் விதிக்கச் சொல்லலாமா? விட்டுத் தள்ளுங்கள் என்கிறார் எங்கள் சங்கத்துப் பெரியவர். என்ன செய்வது?

பதில்:

உங்கள் கடிதத்தில் இருக்கும் வருத்தம் நியாயமானது. நடந்துகொண்டிருக்கும் ஒரு தொழிலின் மீது திவால் மனு வந்தால், வங்கி மேலாளர் முதல் கூலிக்கு வரும் பெண்கள் வரை அத்தனை பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்தவருக்கு, ‘அவரவர் செலவு அவரவருக்கு’ என்ற வாக்கியம் கசக்கத்தான் செய்யும். ஆயினும் நீங்கள் கேட்டவற்றில் ஒன்றைத் துணிந்து செய்யலாம், மற்றொன்றைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. வழக்குச் செலவை இப்போதே, முழு விசாரணை இல்லாமலேயே கேளுங்கள், அபராதத்தைக் கேட்காதீர்கள். ஏனென்றால் அபராதம் கேட்ட அந்த நிமிடமே, செலவைச் சுருக்கமாகத் தீர்த்துக்கொள்ளும் வழி அடைபட்டுவிடும்.

முதலில், செலவு யாருக்கு என்பதில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். குழித்துறையிலும் பத்மநாபபுரத்திலும் நாகர்கோவிலிலும் சிவில் வழக்கு நடத்திப் பழகியவர்களுக்கு, ‘செலவுத் தொகையுடன் தீர்ப்பு’ என்ற சொற்றொடர் பழக்கமானது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35-ஆவது பிரிவின்படி செலவு நீதிமன்றத்தின் விருப்புரிமை என்றாலும், தோற்றவர் ஜெயித்தவருக்குச் செலவு கொடுப்பதே பொது முறை. அதிலிருந்து விலகினால் நீதிபதி காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆனால் உங்கள் மனு இருப்பது சென்னையிலுள்ள தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில். தமிழ்நாட்டில் பதிவான எந்தக் கம்பெனியின் மீதும் 2016-ஆம் ஆண்டு நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பின்படி மனு போட வேண்டுமானால் அங்கேதான் போட வேண்டும். அந்தச் சட்டத் தொகுப்பில், மனு தோற்றால் மனுதாரர் எதிர்த்தரப்பின் செலவைக் கொடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் பிரிவு எதுவும் இல்லை. தீர்ப்பாயத்தின் 2016-ஆம் ஆண்டு நடைமுறை விதிகள், தவறிழைத்த தரப்பின் மீது செலவு விதிக்கும் விருப்புரிமையை மட்டும் உறுப்பினர்களுக்கு, அதாவது அங்கே மனுவை விசாரிப்பவர்களுக்குத் தருகின்றன. ஆகவே அங்கே செலவு தானாக வந்து சேராது. கேட்க வேண்டும், கேட்பதற்குக் காரணம் காட்ட வேண்டும், அந்தக் காரணம் ஒரே பார்வையில் கண்ணில் படுவதாகவும் இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையே உங்கள் கேள்வியின் மையம். முழு விசாரணை நடக்காத வழக்கில் செலவு கேட்கும்போது நீதிபதிக்கு ஒரு சங்கடம் வருகிறது. யார் ஜெயித்திருப்பார் என்று தெரிந்தால்தான் யார் செலவு கொடுக்க வேண்டும் என்று சொல்ல முடியும். அதைத் தெரிந்துகொள்ள விசாரணை நடத்த வேண்டும். வெறும் செலவுக்காக ஒரு விசாரணை நடத்தினால் அதற்கே இன்னொரு செலவு பிடிக்கும். இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003-இல் பிசிடி சாஃப்ட்வேர் வழக்கிலும், 2012-இல் குரோய்டன் நகர மன்றம் சம்பந்தப்பட்ட வழக்கிலும் இந்தச் சங்கடத்தை நேராக எடுத்துப் பேசியிருக்கிறது. குரோய்டன் தீர்ப்பின் பகுப்பு எளிமையானது. வழக்கு சமரசமாக முடிந்தாலும் ஒரு தரப்பு கேட்டது முழுவதும் கிடைத்துவிட்டது என்றால், அத்தரப்புக்குப் பொதுவாகச் செலவும் கிடைக்கும். பாதி கிடைத்தது என்றால், எந்தப் பாதி, அதற்காக எவ்வளவு சிரமம் என்று பார்க்க வேண்டும். கேட்டதற்கும் கிடைத்ததற்கும் தொடர்பே இல்லாத சமரசம் என்றால், யார் ஜெயித்திருப்பார் என்பது வெளிப்படையாகத் தெரிந்தாலொழிய, செலவுக்கு உத்தரவு போடாமல் விடுவதே நல்லது. இந்தத் தீர்ப்புகள் சென்னைத் தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் விருப்புரிமையைக் கையில் வைத்திருக்கும் எந்த நீதிபதியின் மனத்திலும் ஓடக்கூடிய கணக்கு இதுதான் என்பதால், நம்மையும் இந்தத் தராசில் ஒரு முறை நிறுத்திப் பார்த்துக்கொள்வது நல்லது.

நிறுத்திப் பார்த்தால், உங்கள் பக்கம் கனமாக நிற்பது அந்த மெயில். செயல்பாட்டுக் கடனுக்காக, அதாவது சரக்கு, சேவை ஆகியவற்றின் பாக்கிக்காக மனு போடுகிறவர், நொடிப்புச் சட்டத் தொகுப்பின் 8-ஆவது பிரிவின்படி முதலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பெற்றுக்கொண்டவர் 10 நாட்களுக்குள், இந்தப் பாக்கியில் ஏற்கெனவே தகராறு இருக்கிறது என்று பதில் தரலாம். அப்படிப் பதில் வந்திருந்தால் 9-ஆவது பிரிவின் கீழ் வரும் மனுவைத் தீர்ப்பாயம் நிராகரிக்க வேண்டும். தகராறு என்றால் எந்த அளவு தகராறு என்பதை உச்ச நீதிமன்றம் 2017 செப்டம்பரில் மொபிலாக்ஸ் வழக்கில் தெளிவாக்கியது. நோட்டீஸ் கைக்கு வருவதற்கு முன்பே தகராறு இருந்திருக்க வேண்டும். அது மேலும் விசாரிக்கத் தக்க, ஆதாரமுள்ள வாதமாக இருந்தால் போதும். அந்த வாதம் கடைசியில் ஜெயிக்குமா என்று தீர்ப்பாயம் பார்க்கத் தேவையில்லை.

உங்கள் கேள்விக்கு விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது. கொட்டையின் அவுட்டர்ன் 43-தானா, மூட்டையை எங்கே பிரித்தார்கள், ஈரம் எவ்வளவு இருந்தது, தூத்துக்குடிக் கிடங்கிலிருந்து கிளம்பும்போது எப்படி இருந்தது என்பதெல்லாம் சாட்சி வைத்து விசாரிக்க வேண்டிய சங்கதிகள். மனு தொடர்ந்து நடந்திருந்தாலும் தீர்ப்பாயம் இவற்றில் எதையும் தீர்மானித்திருக்காது. ‘தகராறு இருந்ததா?’ என்ற ஒரே கேள்வியை, காகிதங்களை வைத்தே தீர்மானித்திருக்கும். ஆகவே மனு வாபஸ் ஆகும் நாளிலும் அதே காகிதங்களை வைத்து, இந்த மனு போட்டிருக்கத் தக்கதா என்று பார்க்க முடியும். முழு விசாரணை இல்லாமல் செலவைத் தீர்மானிக்க முடியாது என்று எதிர்த்தரப்பு வாதிட்டால், நொடிப்பு மனுவில் அப்படியொரு விசாரணைக்கு முதலிலேயே இடமில்லை என்பது உங்கள் வழக்கறிஞர் சொல்ல வேண்டிய பதில்.

இதற்கு மேலும் வலுவான ஒன்று இருக்கிறது. 9-ஆவது பிரிவின் மனுவோடு, தகராறு பற்றிக் கடன்பட்ட கம்பெனியிடமிருந்து எந்த அறிவிப்பும் வரவில்லை என்று மனுதாரர் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். மனுவின் பிரதி உங்களிடம் இருக்கும். அந்தப் பிரமாணத்தை எடுத்து அதன் வாசகத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். நீங்கள் எட்டாவது நாளில் அனுப்பிய பதில் அவர் கைக்குப் போனதற்கான தபால் ஒப்புகை அட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். பிரமாணத்தின் தேதிக்கு முந்தைய தேதியில் அந்த அட்டையில் கையெழுத்து இருந்து, பிரமாணமோ அறிவிப்பு ஏதும் வரவில்லை என்று சொல்லுமானால், இந்த இரண்டு தாள்களை அடுத்தடுத்து வைத்தாலே போதும், உறுப்பினருக்கு வேறெதுவும் படிக்க வேண்டியிராது. அட்டை கிடைக்கவில்லை என்றால் பதறாமல், விரைவு அஞ்சலின் பட்டுவாடா விவரத்தை எடுத்து இணையுங்கள். மாறாக, உங்கள் பதில் வந்ததை ஒப்புக்கொண்டு, அது பொய்த் தகராறு என்று அவர் எழுதியிருந்தால், உங்கள் நிலை சற்று இளகும். அப்போது கட்டிங் டெஸ்ட் தாளையும் மெயிலையும் வைத்து மட்டுமே பேச வேண்டியிருக்கும்.

இனி, உங்கள் பக்கத்துப் பலவீனத்தையும் நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் சரக்குக்கான 31 லட்சத்தில் உங்களுக்கு எந்தத் தகராறும் இருந்ததில்லை. அதை நீங்கள் உரிய காலத்தில் கொடுக்காமல், மனு வந்த பிறகு கொடுத்திருக்கிறீர்கள். ‘மனு போட்டதால்தானே பணம் வந்தது, ஆகவே பாதி வெற்றி எங்களுக்கு’ என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதை ஒரு நீதிபதி அலட்சியமாகத் தள்ளிவிட மாட்டார். இதற்கும் பதில் இருக்கிறது. 2020 மார்ச் 24 முதல், நொடிப்பு மனு போடக் குறைந்தபட்ச பாக்கி 1 கோடி ரூபாய். அதற்கு முன்பு 1 லட்சமாக இருந்தது. 31 லட்சத்துக்காக அந்தத் தீர்ப்பாயத்தின் படியையே மிதித்திருக்க முடியாது. தகராறில்லாத 31-ஐயும் தகராறுள்ள 55-ஐயும் கூட்டினாலும் 86 லட்சம்தான் வருகிறது. மேலே 20 லட்சம் வட்டியைச் சேர்த்த பிறகே கோடியைத் தாண்டுகிறது. வட்டிக்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருந்தால் அதைச் சேர்த்துக் கணக்கிடலாம் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொல்லியிருக்கிறது. உங்களுக்குள் அப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்ததா, பில்லின் அடியில் அச்சடித்த ஒரு வரி மட்டும்தானா என்பதை உங்கள் கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. அச்சு வரி மட்டும் என்றால், வட்டியைக் கூட்டிக் கோடியை எட்டியது மனு போடுவதற்காகச் செய்த கணக்கு என்று வாதிட நல்ல இடமிருக்கிறது. நொடிப்புச் சட்டத்தைப் பணம் வசூலிக்கும் கருவியாகப் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. ஆந்திர மின் தொடரமைப்புக் கழகம் சம்பந்தப்பட்ட 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பை உங்கள் வழக்கறிஞர் இதற்கு எடுத்துக்காட்டலாம்.

ஆனாலும் 31 லட்சத்தைத் தாமதித்தது உங்களுக்கு எதிராக ஓரளவு எண்ணப்படவே செய்யும். அதை ஏற்றுக்கொண்டு, கேட்கும் தொகையை நீங்களே குறைத்துக்கொள்வது உங்கள் மீது நம்பிக்கையை உண்டாக்கும்.

இந்த வியாபாரி ஏன் சிவில் நீதிமன்றம் போகாமல் நேரே தீர்ப்பாயத்துக்குப் போனார் என்று நீங்கள் யோசித்திருக்கலாம். 86 லட்சத்துக்குச் சிவில் வழக்குப் போட்டால், 2017-இல் குறைக்கப்பட்ட விகிதத்தின்படி நூற்றுக்கு 3 ரூபாய் வீதம் 2 லட்சத்து 58 ஆயிரம் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். செயல்பாட்டுக் கடனுக்கான நொடிப்பு மனுவின் கட்டணம் 2,000 ரூபாய்தான். மனு அனுமதிக்கப்பட்டாலோ கம்பெனியின் நிர்வாகம் இயக்குநர்கள் கையை விட்டு, தீர்ப்பாயம் நியமிக்கும் இடைக்காலத் தீர்வாளரிடம் போய்விடும் என்ற அச்சமும் சேர்ந்து, எதிராளியைப் பணம் எடுக்க வைக்கிறது. குறைந்த கட்டணத்தில் இவ்வளவு பெரிய அச்சத்தை வாங்க முடிகிற இடத்தில், ஆதாரமில்லாத மனுவுக்குச் செலவு விதிப்பது ஒன்றே கடிவாளம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்து ரப்பர், முந்திரித் தொழில்களை நடத்தும் சிறிய கம்பெனிகளுக்கு, சென்னையில் மூன்று வாய்தா போவதே ஒரு பருவத்தின் லாபத்தைத் தின்றுவிடும். ஆகவே சங்கத்துப் பெரியவர் சொல்வதை நான் மதித்தாலும், அப்படியே விட்டுத் தள்ளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போது அபராதத்துக்கு வருகிறேன். 65-ஆவது பிரிவு, மோசடியாகவோ கெட்ட எண்ணத்துடனோ, நொடிப்புத் தீர்வு அல்லாத வேறு நோக்கத்துக்காக மனு போட்டவர் மீது 1 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. தகராறை மறைத்து மனு போட்ட, செயல்பாட்டுக் கடன் கொடுத்தவருக்கு 76-ஆவது பிரிவில் சிறைத் தண்டனையும் உண்டு. படிக்கும்போது கை துறுதுறுக்கத்தான் செய்யும். ஆனால் அபராதம் என்பது உங்களுக்கு வரும் பணமில்லை. உங்கள் 3 லட்சத்து 40 ஆயிரத்தில் ஒரு ரூபாயைக்கூட அது ஈடுகட்டாது. 76-ஆவது பிரிவுக்கு நொடிப்பு மற்றும் திவால் வாரியமோ மத்திய அரசோ சிறப்பு நீதிமன்றத்தில் புகார் கொடுத்தாக வேண்டும். வாபஸ் மனு வரும் நாளில் அது பேச்சுக்கே வராது. எல்லாவற்றையும் விட, கெட்ட எண்ணம் என்பது ஒருவரின் மனநிலை. அதை நிரூபிக்க அவர் ஏன் மனு போட்டார், எப்போது என்ன பேசினார் என்றெல்லாம் விசாரிக்க வேண்டும். எந்த விசாரணை வேண்டாம் என்று நாம் செலவை மட்டும் கேட்கிறோமோ, அதே விசாரணையை நாமே அழைத்து வந்தது போலாகிவிடும். எதிர்த்தரப்பும் வாபஸ் பேச்சை விட்டுவிட்டு முழு மூச்சாக எதிர்க்கத் தொடங்கும். மனு அனுமதிக்கப்படும் வாய்ப்பு உங்கள் வழக்கில் குறைவுதான். ஆனால் சில லட்சம் செலவுத் தொகைக்காகக் கம்பெனியின் நிர்வாகத்தையே பந்தயம் வைக்க வேண்டியதில்லை. அனுமதிக்கப்பட்ட மனுவை வெளியே எடுப்பது எவ்வளவு கடினம் என்பதையும் நினைவில் வையுங்கள். கடன் கொடுத்தோர் குழு அமைந்துவிட்டால், 12ஏ பிரிவின்படி அக்குழுவின் 90 சதவீத வாக்கு இருந்தால்தான் வாபஸ் சாத்தியம்.

எனவே வாபஸை எதிர்க்காதீர்கள். மனு அனுமதிக்கப்படும் முன் மனுதாரர் கேட்டால் தீர்ப்பாயம் வாபஸுக்கு அனுமதி ‘அளிக்கலாம்’ என்றுதான் விதி சொல்கிறது. அனுமதி கேட்டு வருகிறவரிடம் நிபந்தனை விதிக்கவும் அங்கே இடமிருக்கிறது. உங்கள் வழக்கறிஞர் அன்றைக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவே: வாபஸுக்கு எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் செலவு பற்றியும், மறுபடி மனு போடும் உரிமை பற்றியும் உத்தரவு வேண்டும். இந்தச் சொற்கள் அன்றே பதிவாக வேண்டும். ‘வாபஸ் பெறப்பட்டதால் தள்ளுபடி’ என்று ஒற்றை வரியில் உத்தரவு வந்து, செலவு பற்றி அதில் ஒன்றுமே இல்லையென்றால், அந்தச் செலவுக்காக மட்டும் 30 நாட்களுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போவது, வரவை விடச் செலவு மிகுந்த காரியமாகிவிடும்.

மறுபடி மனு போடும் உரிமை பற்றிச் சொன்னதை மேலோட்டமாகக் கடந்துவிடாதீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கொடுக்கும் வாபஸ் மெமோவில், ‘உரிய நடவடிக்கை எடுக்கும் உரிமையைத் தக்க வைத்துக்கொண்டு’ என்ற சொற்கள் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போடும் உரிமை அவருக்கு உண்டு. அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் இதே பில்களுக்காக இதே தீர்ப்பாயத்தில் இன்னொரு நொடிப்பு மனு போடும் உரிமையை விட்டு வைத்தீர்களானால், ஆறு மாதம் கழித்து வட்டி இன்னும் கூடியிருக்கும், நீங்கள் மறுபடியும் தீர்ப்பாயம் இருக்கும் சென்னை ராஜாஜி சாலையில் நிற்பீர்கள். செலவுத் தொகையில் 50 ஆயிரம் விட்டுக்கொடுத்தாவது இந்த ஒரு வாசகத்தை உங்களுக்குச் சாதகமாக எழுதி வாங்குவது நல்லது. என்னைக் கேட்டால், இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும் என்ற நிலை வந்தால், பணத்தை விட்டு இந்த வாசகத்தையே வாங்கச் சொல்வேன்.

தொகைக்கு வருவோம். 3 லட்சத்து 40 ஆயிரத்தையும் கேட்காதீர்கள். நோட்டீஸுக்குப் பதில் கொடுத்ததற்கான கட்டணம், முதலில் ஊரில் கலந்தாலோசித்த வழக்கறிஞருக்குக் கொடுத்தது, தம்பியும் உடன் வந்ததற்கான டிக்கெட், தங்கல் ஆகியவற்றை ஒதுக்கி வையுங்கள். மனுவின் பிரதி உங்கள் கைக்கு வந்த நாளுக்குப் பிறகு, இந்த மனுவுக்காகவே, ரசீதுடன் செலவான தொகையை மட்டும் ஒரு பக்கத்தில் பட்டியலிடுங்கள். சென்னை வழக்கறிஞரின் கட்டண ரசீது, நாகர்கோவிலிலிருந்து போய் வந்த ஒருவரின் ரயில் கட்டணம், நோட்டரி, நகல், கூரியர் என்று அது அடங்கிவிடும். காணொலியில் ஆஜராகியிருக்கக் கூடிய வாய்தாவுக்கு நேரில் போனதாக இருந்தால், அந்தப் பயணத்தை நீங்களே நீக்கிவிடுங்கள். எதிர்த்தரப்பு அதைச் சுட்டிக்காட்டும் வரை காத்திருக்க வேண்டாம். ஊரில் பெயர் கெட்டதற்கும், வங்கியில் வரம்பு குறைந்ததற்கும் இதில் பணம் கேட்க முடியாது. அது நஷ்டஈடு, அதற்கு வழியும் ஆதாரமும் வேறு.

பட்டியல் 2 லட்சத்துக்குச் சற்று மேலே வந்தால், 31 லட்சத்தைத் தாமதித்ததைக் கணக்கில் கொண்டு 1 லட்சத்து 50 ஆயிரம் கேட்டு, வாபஸ் தேதிக்கு முன்பே எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். வாபஸுக்குச் சம்மதம், இதே பில்களுக்கு மீண்டும் நொடிப்பு மனு இல்லை என்ற உறுதி, இந்தத் தொகை, பதில் தர ஒரு வாரம் என்று நான்கே விஷயம் அதில் இருந்தால் போதும். 2015-ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டம், வணிகத் தகராறுகளுக்கான 35-ஆவது பிரிவைத் திருத்தியபோது, நியாயமான சமரச யோசனை ஒன்றைக் காரணமின்றி மறுத்தாரா என்பதைச் செலவு நிர்ணயிக்கும்போது பார்க்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சேர்த்தது. அது தீர்ப்பாயத்துக்கு நேரடியாகப் பொருந்தாவிட்டாலும், உங்கள் கடிதத்தை அவர் மறுத்தால், அந்த மறுப்பும் உங்கள் தாள்களில் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். இசைந்தால், சங்கத்துப் பெரியவரையே நடுவில் வைத்து எழுதி முடித்துவிடலாம். தீர்ப்பாயம் உத்தரவிடும் செலவு பெரும்பாலும் உண்மைச் செலவை விடக் குறைவாகவே இருக்கும் என்பதால், 1 லட்சத்துக்கு அவர் இறங்கி வந்தாலும் நான் ஏற்றுக்கொள்ளவே சொல்வேன்.

இசையவில்லை என்றால், வாபஸ் விசாரணைக்கு வரும் நாளுக்கு முன் மூன்று நான்கு பக்கத்துக்கு மிகாத பிரமாணப் பத்திரம் ஒன்றைத் தாக்கல் செய்யுங்கள். மெயில், அதற்கு அடுத்து உங்கள் பதிலும் பட்டுவாடா ஆதாரமும், அதற்கு அடுத்து அவருடைய பிரமாணம், வட்டியில்லாமல் 86 லட்சம் என்று காட்டும் கணக்கு, செலவுப் பட்டியல் என்ற வரிசையில் இணைப்புகள் இருக்கட்டும். கடைசிப் பத்தியில், இந்தத் தாள்களை மட்டும் வைத்துச் செலவைத் தீர்மானிக்கும்படி வேண்டுகிறோம் என்றும், இதற்காகச் சாட்சி விசாரணை தேவை என்று தீர்ப்பாயம் கருதினால் கோரிக்கையை வற்புறுத்தவில்லை என்றும் எழுதச் சொல்லுங்கள். உங்கள் வழக்கறிஞருக்கு இந்தக் கடைசி வரி பிடிக்காமல் போகலாம். ஆயினும் நூறு வழக்குகளைப் பட்டியலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உறுப்பினருக்கு, இதைப் பத்து நிமிடத்தில் முடிக்கலாம் என்ற நிம்மதியைத் தருவது அந்த வரிதான்.

உங்களைப் போன்றே மனு போடப்பட்டவர்களில், உண்மையிலேயே தகராறில்லாத பாக்கியை மனு வந்த பிறகு முழுவதும் கொடுத்து முடித்தவர்கள் இந்தப் பதிலைத் தங்களுக்கும் பொருத்திப் பார்க்கக் கூடாது. அங்கே மனுதாரர் கேட்டது கிடைத்துவிட்டது. அவர்தான் செலவு கேட்கும் நிலையில் இருக்கிறார். பணத்தோடு அவர் செலவையும் பேசித் தீர்ப்பதே முறை. கம்பெனியாகப் பதிவு செய்யாமல் தனிப்பெயரிலோ கூட்டாண்மையாகவோ தொழில் நடத்துகிறவர்களுக்கும் வழி வேறு. சட்டத் தொகுப்பின் தனிநபர் பகுதி, 2019 டிசம்பர் 1 முதல் கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் போட்டவர்கள் அளவில்தான் நடைமுறைக்கு வந்தது. மற்றத் தனிநபர் மனுக்களுக்குச் சிவில் நீதிமன்றமும் பழைய நொடிப்புச் சட்டமும்தான்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. மனு வாபஸ் ஆனாலும் 55 லட்சம் பற்றிய தகராறு தீரவில்லை. அவர் வணிக வழக்குத் தொடர நினைத்தால், அவசர இடைக்காலப் பரிகாரம் எதுவும் கேட்காத வரை, முதலில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழியாக வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு வந்தாக வேண்டும். அது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்துவிட்டது. இப்போது செலவுக்காக நீங்கள் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரத்தின் ஒவ்வொரு வரியையும் அங்கே அவர் எடுத்து வாசிப்பார். ஆகையால் அதில் சரக்கின் தரம் பற்றி மெயிலில் உள்ளதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்ட வேண்டாம். 31 லட்சம் கொடுத்ததை, முதல் சரக்குக்கு மட்டும், மற்ற உரிமைகளுக்குப் பாதகமின்றிக் கொடுத்தது என்று எழுதுங்கள். எந்தச் சரக்குக்கு என்று குறிப்பிடாமல் வங்கியில் அனுப்பியிருந்தால், இன்றைக்கே ஒரு மெயிலில் அதைத் தெளிவுபடுத்திவிடுங்கள். கட்டிங் டெஸ்ட் எழுதிய அசல் தாளையும், அதில் கையெழுத்திட்ட மேஸ்திரியின் பெயர் விவரத்தையும், மிச்சம் இருந்தால் அந்தச் சரக்கின் ஒரு மூட்டையையும் முத்திரையிட்டுப் பத்திரப்படுத்துங்கள்.